இரண்டு காதும் தெரிய ஒரு படம்

மழை விட்ட பிறகு இன்றுதான் டப்பாவைத் திறந்தேன். முதலில் வந்தது பனியன் வேஸ்ட்டின் வாசம். வெட்டுமேசையில் மிஞ்சிய துணி. சாயமும் மெஷின் எண்ணெயும் கலந்தது. இந்த ஊரில் வண்டி துடைக்க எல்லார் வீட்டிலும் ஒரு பிடி கிடக்கும். அதற்குள் உன் லென்ஸ். லென்ஸைச் சுற்றிச் சின்னப் பொட்டலங்கள், ஏற்றுமதிப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சப் போடுபவை. உள்ளே இருக்கும் மணிகள் நீலமாக இருக்க வேண்டும். ரோஸ் நிறத்துக்கு மாறியிருந்தன.

ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். நீ அவற்றைத் தோசைக்கல்லில் கொட்டி, சிறு தீயில் வறுப்பாய். மெல்ல நீலத்துக்குத் திரும்பும். "பாத்தியளா எம்.ஏ, போன உசுரு வருது" என்பாய்.

இன்று நானும் வறுத்தேன். நீலம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

மத்தியானம் ஒரு பெண் படம் எடுத்துக்கொள்ள வருகிறாள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உன்னை நான் 'நீ' என்று அழைப்பது இதுவே முதல் முறை. நீ இருந்தவரை 'நீங்க'தான். எங்கள் வீட்டில் தறிக்குப் பாவு கொண்டு வருகிறவரிலிருந்து வாசலில் நிற்கும் பூனைவரை எல்லாருக்கும் 'ங்க' உண்டு. நீ உங்கள் தென்பக்கத்துப் பேச்சில் கேலி செய்வாய். "ஏன் எம்.ஏ, கொசுவ அடிக்கும்போதாவது அந்த 'ங்க'வ விடுவியளா?" விட்டிருக்கலாம். இப்போது விட்டுவிட்டேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் மரியாதை தளர்வது சுலபமாக இருக்கிறது.

நாம் வேலை பார்த்தது கழுத்தை வெட்டும் இடத்தில். வீரபாண்டியில், மூடிக்கிடந்த சாயப்பட்டறைக்கு அடுத்த கட்டடத்தில், கேட்டலாக் ஸ்டூடியோ. குழந்தைகளின் இரவு உடை, பெரியவர்களின் டி-ஷர்ட். பொம்மைக்கு மாட்டி நீ படம் எடுப்பாய். நான் கம்ப்யூட்டரில் பொம்மையை அழிப்பேன். கழுத்து, கை, முண்டம். கடைசியில் யாருமே இல்லாத சட்டை ஒன்று, உள்ளே யாரோ நிற்பதுபோல் உப்பிக்கொண்டு நிற்கும். தொழிலில் அதற்குக் 'கோஸ்ட்' என்று பெயர். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ படித்துவிட்டு நான் செய்த முதல் வேலை பேய் தயாரிப்பது.

அங்கே கேமராவின் அப்பர்ச்சர், வெளிச்சம் நுழையும் துளை, எப்போதும் பதினொன்றில் இருக்கும். எண் ஏற ஏறத் துளை சுருங்கும். துளை சுருங்கினால் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக விழும். அகலத் திறந்தால் ஒரு மெல்லிய தகடு அளவுக்கு மட்டும் தெளிவு; மற்றதெல்லாம் கரைந்துவிடும். முதலாளிக்குக் கரைவது பிடிக்காது. "பாரின் பையர் தையல எண்ணிப் பாப்பானுங்க. நூலு தெரியோணும்." கை தவறி மாறிவிடக் கூடாது என்று அந்தச் சக்கரத்தின் மேல் டேப் ஒட்டச் சொன்னார். நீ ஒட்டினாய். பிரிக்கும்போது பசை கையில் வரும் அந்தப் பழுப்பு டேப்.

"மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு" என்பாய், டீக்கடையில். எதிரே பெஞ்சு நிறைய முகங்கள். ஷிப்ட் முடிந்த முகங்கள். ஒரியா பேசும் முகம், உங்கள் ஊர்ப் பேச்சு பேசும் முகம், யாரோடும் பேசாமல் போனில் குனிந்த முகம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு வட்டம் பண்ணி அதன் வழியாகப் பார்ப்பாய். ஒருமுறை ஒருவர் எழுந்து வந்து, "என்ன தம்பி, எம் மூஞ்சில என்ன இருக்குது?" என்றார். "அதத்தாண்ணே தேடுதேன்" என்றாய். அடி விழும் என்று நினைத்தேன். அவர் இன்னொரு டீ சொன்னார்.

முகம் எடுக்க ஒரு லென்ஸ். ஜூம் ஆகாத, ஒரே தூரம் பார்க்கிற, அகலத் திறக்கிற லென்ஸ். கேமராவோடு வந்த லென்ஸை நீ லென்ஸ் என்றே ஏற்கவில்லை. "அந்தச் சவத்தக் கழட்டி வைங்க."

ஐம்பது மில்லிமீட்டரா, எண்பத்தைந்தா என்று ஒரு மாசம் பேசினோம்.

"அம்பதுன்னா கிட்டப் போகணும். கிட்டப் போனா மூக்கு பெருசாத் தெரியும். எங்கம்மைக்கு ஏற்கெனவே பெரிய மூக்கு."

"எய்ட்டிஃபைவ்ன்னா பின்னாடி போகோணுமுங்க. உங்க லைன் ஊட்டு ஒத்த ரூமுல எங்க போவீங்க? சுவத்துல முட்டிக்குவீங்க."

"சுவத்த இடிச்சிருவோம்."

"ஹவுஸ் ஓனர் கிட்டச் சொல்லிட்டு இடிங்க."

எண்பத்தைந்து என்று முடிவானது. அதில் நான் விட்டுக்கொடுத்தேன். முகம் முகமாகவே இருக்க ஆறேழு அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டேன். நிஜமான சண்டை அதன் பிறகுதான். துளை ஒன் எய்ட் வரை திறந்தால் போதுமா, இன்னும் அகலமாக ஒன் ஃபோரா. எழுத்தில் பார்த்தால் நூலிழை வித்தியாசம். நான் ஒன் எய்ட்டின் பக்கம். எடை குறைவு, ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும், புதிதாகவே கிடைக்கும். "எப்படியும் டூ பாயிண்ட் எய்ட்டுக்குச் சுருக்கித்தானுங்க எடுக்கோணும். இல்லீன்னா ஒரு கண்ணு தெரியும், இன்னொண்ணு போயிரும். காது ரெண்டும் சுத்தமா இருக்காது. அதுக்கு எதுக்கு ஒன் ஃபோரு?"

நீ சொன்னது: "மனுசன் எதிர ஒரு ஆளப் பாக்கும்போது ஒரு கண்ணத்தான் பாக்கான். ரெண்டையும் பாத்ததா நெனச்சுக்கிடுதான்."

"அப்ப அந்த இன்னொரு கண்ணு என்னதானுங்க பண்ணும்?"

"அது நம்மளப் பாக்கும்."

பதில் சொல்ல முடியாதபடி பேசுவது உனக்கு வரும். அதற்காகவே நான் உன்னிடம் நிறையச் சண்டை போட்டேன். எல்லாவற்றிலும் தோற்றேன்.

காங்கேயத்தில் ஒரு கல்யாணப் புகைப்படக்காரர் தொழிலை விட்டுவிட்டு மாமனாரின் தேங்காய்க் களத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறார், ஒன் ஃபோர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். உன் வண்டியில் போனோம். களம் முழுக்க உடைத்த தேங்காய்கள், வெள்ளை வாயைத் திறந்தபடி வெயிலில். நடக்க ஒற்றையடிப் பாதை மாதிரி ஓர் இடைவெளி. எங்கு பார்த்தாலும் கண் கூசியது. எண்ணெய் வாசத்தில் எனக்குத் தலை சுற்றியது.

அவர் லென்ஸை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எடுத்துப் பாருங்க சாமி. லென்ஸ்ல ஒரு குத்தமும் இல்லீங்க. குத்தமெல்லாம் கண்ணாலக்காரங்ககிட்ட."

"ஏண்ணே, என்ன பண்ணுனாங்க?"

"பொண்ணு காதுல மாப்ள ஊட்டுக்காரங்க போட்ட தோடு. புத்தம்புதுசு. நான் ஒன் ஃபோர்ல எடுத்துப்போட்டேன். கண்ணு அப்படியே பேசுதுங்க. ஆனா காது கரைஞ்சு போச்சு. மாமியாக்காரி ஆல்பத்தக் கொண்டாந்து இந்தக் களத்துல போட்டுட்டு, தோடு எங்கன்னு கேக்குது. நானென்னங்க, தின்னுபோட்டனா?"

நான் உன்னைப் பார்த்தேன். "கேட்டுக்குங்க. நான் சொன்னதேதான்."

"தோடு வேணும்னா நகைக்கடைக்காரன் எடுக்கட்டும்" என்றாய். கீழே உட்கார்ந்து தேங்காய்களை ஒரு படம் எடுத்தாய். திரையில் காட்டினாய். நடு வரிசையில் ஒரே ஒரு மூடி. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த நார்கூடத் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் களம் இல்லை, தேங்காய் இல்லை, வெறும் பால் நிறம்.

"இது மட்டும் தேங்கா. மத்ததெல்லாம் வெளிச்சம்."

அழகாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

லென்ஸை வாங்கிக்கொண்டு திரும்பும்போது உன் பையின் ஜிப் பிய்ந்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாய். சீட்டுக்கு அடியில் இருந்த பனியன் வேஸ்ட்டை அதற்குள் திணித்தாய். நடுவில் குழி பறித்து லென்ஸை உட்கார வைத்தாய். குருவிக்கூடு மாதிரி. பின்னால் உட்கார்ந்த என் மடியில் தந்தாய்.

"தலைக்குங்க?"

"தல கெட்டி. கண்ணாடிதான் ஒடையும்."

சிரித்துக்கொண்டே வந்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. பிறகு அது உன் வழக்கமாகவே ஆனது. பை வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து உன்னோடு ஊர் சுற்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் முதல் படம். உன் அம்மா சர்ச்சிலிருந்து வந்து, அந்தச் சேலையோடே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உன்னை வாசற்படிக்கு உள்ளே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் உட்கார வைத்தேன். பின்னால் போனேன். இன்னும் பின்னால். நடையைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, தெருவில் நின்றேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்க, படம் புடிக்கிறீங்களா? குறுக்க போலாமுங்களா?"

"போங்க போங்க" என்று உள்ளேயிருந்து கத்தினாய். "குறுக்க வந்தாலும் வெளிச்சமாத்தான் விழுவீய."

உன் அம்மா, "தலையவாவது சீவுல. காட்டுப்பூனை மாரி இருக்க" என்றார். நீ சீவவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அமுக்கினேன்.

அந்தப் படம் இதோ எதிரே இருக்கிறது. ஒன் ஃபோரில் எடுத்தது. பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ். ஓரத்தில் ஒரு சிவப்பு நரம்பு. இமை மயிரில் ஒரு பஞ்சுத் துணுக்கு; அன்று கவனிக்கவில்லை, பிறகு பெரிதாக்கும்போது தெரிந்தது. இந்த ஊரில் எல்லார் இமையிலும் இருக்கும், யாரும் பார்த்ததில்லை. மூக்கு நுனியில் தெளிவு கலையத் தொடங்குகிறது. மறு கண் ஒரு கறுப்புக் கலக்கம். காதுகள் இல்லை. தலைமுடி அறையின் இருட்டோடு போய்விட்டது. வாய் பாதி திறந்திருக்கிறது. "நெருங்குன கண்ணுல வைங்க எம்.ஏ" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

பார்த்ததும் நீ கேமராவை வாங்கி, கையால் திரைக்கு நிழல் பிடித்தாய். பிறகு, "இதுல நான் இருக்கேன்லா" என்றாய்.

அதற்கப்புறம் நீ கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்தாய். தலைமைப் புகைப்படக்காரருக்குப் பக்கத்தில், மணமக்களைத் தவிர மற்ற முகங்களை எடுக்கும் ஆளாக. பந்தியில் இலைக்குக் காத்திருக்கும் முகம். மைக் செட்காரரின் முகம். முந்தின நாள் மாலை வரவேற்பு, விடிவதற்குள் முகூர்த்தம், ஒன்பது மணிக்கு ஸ்டூடியோவில் பொம்மை. டேப் ஒட்டிய சக்கரம். உன் கண் சிவந்தே இருந்தது. "தூங்குங்க" என்றேன். "தூங்குனா மூஞ்சி போயிரும்" என்றாய். பதில் இல்லாமல் பண்ணுவது ஒரு திறமை என்று அன்று நினைத்தேன். இன்று அதைக் குறை என்றுதான் சொல்வேன்.

குண்டடம் பக்கத்தில் ஒரு முகூர்த்தம். திரும்பும் வழி நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் காற்றாலைகள், சோளக்காடு. நன்றாக விடிந்துவிட்டது. ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. ஓடிக்கொண்டிருக்கவில்லை. நின்றிருந்தது. நீ பிரேக் பிடித்த தடம் இல்லை என்றார்கள்.

ஹெல்மெட் சோளக்காட்டில் கிடந்தது. உள்ளே வேஸ்ட். அதற்குள் லென்ஸ். ஒரு கீறல் இல்லை.

கண்ணாடி உடையவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. கண்ணாடி உடையவில்லை.

"ஹெல்மெட் போடலீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். நான் என்ன சொல்வது? போட்டிருந்தது, அவருடைய தலைக்கு இல்லை என்றா? லாரிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாணக்காரர்கள் மேலும் இல்லை. கோபம் உன் மேல்தான். அது குறையும் என்று சொன்னார்கள். குறையவில்லை. அதையும் வேஸ்ட்டில் சுற்றி வைத்திருக்கிறேன்.

உன் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. துணியால் சுற்றித்தான் தந்தார்கள். உன் அம்மா பிரிக்கச் சொன்னார். உன் சித்தப்பா வேண்டாம் என்றார். பெட்டியை மூடிவிட்டார்கள். அதனால் படம் முக்கியமானது. தெருமுனையில் ஃப்ளெக்ஸ், பெட்டியின் மேல் ஒரு பிரேம், பிறகு வீட்டுச் சுவருக்கு. பார்க்க வருகிறவர்கள் உன்னை எங்கே பார்ப்பார்கள்? படத்தில்தான்.

எனக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என்னிடம் இருந்தது. நீயே 'இதுல நான் இருக்கேன்' என்று சொன்ன படம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு உன் சித்தப்பாவோடு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திரையில் திறந்தார். பெரிதாக்கினார். சிறிதாக்கினார்.

"ஏனுங்க, இதுல காதே இல்லீங்களே."

"இருக்குதுங்க. பிளர்ல இருக்குது."

"பிளர்ல இருந்தா எங்கீங்க கட் பண்றது? முடி எங்க முடியுது, செவுரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. கோட்டு வைக்கோணும், பின்னாடி மேகம் வைக்கோணும். தலை தனியா வந்தாத்தானுங்க?"

"கட் பண்ணாம அப்படியே போடுங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படிப் போட்டா சாவு ஃப்ளெக்ஸ் மாதிரி இருக்காதுங்க. சினிமா போஸ்டராட்ட இருக்கும்."

சித்தப்பா போனில் உன் அம்மாவுக்கு அனுப்பினார். அவரிடமிருந்து பதில் வரவில்லை. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். பாயில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவரோடு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் செக்கிங் செக்‌ஷன் பெண்கள். போன் அவர் கையில் இருந்தது. படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். எதையோ தேடுகிற மாதிரி.

"நல்ல படம்மா" என்றார். "ஆனா ஒத்தக் கண்ணுதானே பாக்குது. இன்னொண்ணு செத்துல்லா கெடக்கு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முழுசாப் பாக்க விடலம்மா அவனுவ. படத்துலயாவது முழுசா இருக்க வேண்டாமா? எம்பிள்ளைக்கு ரெண்டு காது இருந்துச்சும்மா. இடது காதுல கம்மல் குத்தணும்னு அழுதான் சின்னதுல. நான் குத்த விடல. அந்தக் காது வேணும் எனக்கு."

மனிதன் ஒரு கண்ணைத்தான் பார்க்கிறான் என்று நீ சொன்னதை அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? நீ வந்து சொல். உன் அம்மாவிடம் சொல். பதில் சொல்ல முடியாதபடி பேசு, பார்க்கலாம்.

வேறு படம் தேடினோம். உன் போனில் இருந்ததெல்லாம் நீ எடுத்த மற்றவர்கள். முகம் முகமாக நூற்றுக்கணக்கில் எடுத்தவனுக்கு ஒரு படம் இல்லை. கடைசியில் கிடைத்தது ஸ்டூடியோவின் ஆயுத பூஜைப் படம். கேமராக்களுக்கும் பொம்மைகளுக்கும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, எல்லாரும் வரிசையாக. நீ டைமர் வைத்துவிட்டு ஓடி வந்து ஓரத்தில் நின்றாய். மூச்சு வாங்குகிறது. கண் கேமராவில் இல்லை, டைமர் விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்க்கிறது. நீ வெறுத்த படம். அப்பர்ச்சர் பதினொன்றில் எடுத்தது. அன்றும் டேப்பை யாரும் பிரிக்கவில்லை. உன் பொத்தானின் நூல்கூடத் தெரிகிறது. இரண்டு கண். இரண்டு காது.

"இது அருமைங்க" என்றார் கடைக்காரர். "ஆனா பக்கத்து ஆளோட தோள் இடிக்குது. நைசா வெட்டோணும். எனக்கு இன்னும் ரெண்டு சாவு நிக்குது."

சித்தப்பா என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளைக்கு அதாம்யா வேல."

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உன் தலையைப் பெரிதாக்கினேன். இடது காதிலிருந்து ஆரம்பித்தேன். மடல், அதன் மேல் வளைவு, கிருதா, முடி. சீவாத முடி. பொம்மைக் கழுத்தை வெட்டும்போது கை தானாகப் போகும். இங்கும் தானாகத்தான் போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தோளைத் தாண்டிக் கீழே வந்து கழுத்தில் நின்றேன். அங்கே வெட்டினேன்.

கடைக்காரர் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே கோட்டுகள். நீலம், கறுப்பு, சாம்பல். யாருமே இல்லாமல், யாரோ உள்ளே நிற்பதுபோல் உப்பிக்கொண்டு நிற்கும் கோட்டுகள். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. யாரோ ஒருத்தி எங்கோ உட்கார்ந்து வெட்டியது.

"எந்தக் கலருங்க?"

உன் அம்மா போனில் நீலம் என்றார்.

நீ வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை. ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட்தான் போடுவாய், தையல் கோணியது. நீலக் கோட்டில் உன் தலை சரியாக உட்கார்ந்தது. பின்னால் மேகம். கர்த்தருக்குள் நித்திரை. சாயங்காலம் தெருமுனையில் கட்டினார்கள். முதலாளி மாலையோடு வந்தார். ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் சொன்னார்:

"படம் நல்லா ஷார்ப்பா இருக்குதுங்க."

ஆக, நம் சண்டையில் நான் ஜெயித்தேன். ஒன் ஃபோர் வேண்டாம், சுருக்கித்தான் எடுக்க வேண்டும், காது முக்கியம். களத்துக்காரர் சொன்னார், நான் சொன்னேன், உன் அம்மா சொன்னார். நீ ஒருவன்தான் எதிர்ப்பக்கம். உன்னோடு போட்ட சண்டையில் முதல் முறையாக ஜெயித்திருக்கிறேன். போய்ச் சொல்லிக் காட்ட ஆள் இல்லை. இப்படி ஒரு வெற்றியை நீ எனக்குத் தந்திருக்க வேண்டாம்.

லென்ஸை உன் அம்மா என்னிடம் தந்தார். ஹெல்மெட்டோடு. "இதுல ஒண்ணையும் வீட்ல வைக்க முடியலம்மா." ஹெல்மெட்டை என்னாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை. லென்ஸும் வேஸ்ட்டும் இருக்கின்றன. ஸ்டூடியோ வேலையை விட்டேன். மாடியில் ஒரு அறை, நீளமான அறை. எண்பத்தைந்துக்குப் பின்னால் போக இடம் இருக்கிறதா என்று அடிவைத்துப் பார்த்துத்தான் பிடித்தேன். முகம் மட்டும் எடுக்கிறேன்.

நான் எடுத்த உன் படத்தை உன் அம்மாவிடம் மறுபடி காட்டவில்லை. அவர் சுவரில் நீலக் கோட்டு. அவர் அதைப் பார்த்துப் பேசுகிறார், நானே கேட்டேன். அவருக்கு அது மகன். எனக்கு அது நான் வெட்டியது.

நிறுத்துகிறேன். படியில் செருப்புச் சத்தம்.

எடுத்து முடித்தாகிவிட்டது. அவள் போய்விட்டாள்.

ஓவர்லாக் மெஷினில் வேலை செய்கிற பெண். நாளைக்குப் பிறந்தநாளாம். தலை நிறைய மல்லிகை. உட்காரும் முன்பே சொன்னாள், "பின்னாடி எல்லாம் கலங்குனாப்ல வருமுங்களே அக்கா, எம் மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு. அப்படி வேணுமுங்க."

ஒன் ஃபோரில்தான் எடுத்தேன். நெருங்கிய கண்ணில் வைத்து. அவளிடம் திரையைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "இது நானாங்க?" என்றாள். நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கியிருப்பாய். சரி. நீ சொன்னதிலும் ஏதோ இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

அவள் எழுந்திருக்கப் போனாள். "இன்னொண்ணே ஒண்ணு கண்ணு, இருங்க" என்றேன். அப்பர்ச்சரைப் பதினொன்றுக்குக் கொண்டுபோனேன். இந்தச் சக்கரத்தில் டேப் இல்லை. கைக்கு இடம் தெரியும். வெள்ளைத் திரையை இறக்கினேன்.

"முடியக் காதுக்குப் பின்னாடி ஒதுக்கிக்குங்க. நேராப் பாருங்க. ரெண்டு காதும் தெரியோணும்."

"இது எதுக்குங்கக்கா?"

"பாஸ்போர்ட்டு கீஸ்போர்ட்டுன்னா ஆகுமுங்க."

சிரித்துவிட்டாள். "நானெங்கீங்க பாரின் போறேன்."

எடுத்தேன். அந்தப் படத்தை அவளுக்குத் தரவில்லை. இதுவரை வந்த யாருக்கும் தந்ததில்லை. இந்த அறைக்கு வந்து உட்கார்ந்த எல்லாருக்கும் அப்படி ஒன்று எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கும்கூட. அவர்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருநாள் படி ஏறி வந்து கேட்டால் இருக்கும். கண், காது, முடியின் விளிம்பு, எல்லாமே தெளிவாக.

வெட்ட லேசாக இருக்கும்.